என் வாழ்க்கையே நடிப்பா?

எனக்குக் கடிதம் எழுதியவருக்கு வயது 43. மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரத்தப் பரிசோதனைப் பணி. கணவர், 17 வயது மகன், தனியாக வசிக்கும் தாய். ஏழு மாதங்களுக்கு முன் அவருடைய நெருங்கிய தோழி, அதே வயதுக்காரர், திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு நடுஇரவில் விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கைகள் சில்லிட்டுப் போகின்றன, விடியும்வரை தூக்கமில்லை. பகலில் சக ஊழியர்களோடு சிரித்துப் பேசும்போதே, “பேசுகிறவள் ஒருத்தி, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் வேறொருத்தி” என்று தோன்றுகிறதாம். “எதற்குப் பயப்படுகிறாய் என்று கணவர் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

இந்த மாதங்களில் இருத்தலியல் சிந்தனையாளர்களை, அதாவது மனிதன் தன் தேர்வுகளால் தன்னை உருவாக்கிக்கொள்வதையும் மரணம், சுதந்திரம் போன்றவற்றை எதிர்கொள்வதையும் பற்றி எழுதிய தத்துவவாதிகளை, தேடித் தேடிப் படித்திருக்கிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் கடுமையானவை. அப்பா சொன்ன படிப்பு, எல்லோரும் செய்துகொள்கிற வயதில் ஒரு திருமணம், கிடைத்த வேலை. எதையும் தான் தேர்ந்தெடுக்கவில்லை, இத்தனை காலம் வாழ்ந்ததெல்லாம் நடிப்பு என்கிறார். இனி பொய் வேண்டாம் என்று தோன்றியதை அப்படியே சொல்லத் தொடங்கியிருக்கிறார். தாயிடம், “உங்களோடு பேசுவது எனக்குக் கடமையாக மட்டும்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டார். மகனிடம், “பிள்ளை வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேனா என்றே தெரியவில்லை” என்று சொல்லிவிட்டார். கணவர் கேட்டது ஒரே கேள்வி: “நீ நிஜமாக இருப்பதற்கு நாங்கள் எல்லோரும் பொய்யாகிவிட வேண்டுமா?”

மருத்துவர் தந்த மாத்திரையைப் பத்து நாளில் நிறுத்திவிட்டார். ராஜினாமா கடிதம் தயாராக இருக்கிறது. தனியாகத் தங்க ஓர் அறையும் பார்த்து வைத்திருக்கிறார். அவர் கேட்பவை மூன்று. இந்தப் பதற்றம் என் வாழ்க்கை பொய் என்பதற்கான சாட்சிதானே? மாத்திரை சாப்பிட்டால் உண்மையிலிருந்து ஓடுவதாகாதா? வேலையையும் வீட்டையும் விட்டு வெளியேறினால்தானே நான் நானாக வாழ முடியும்? கடைசி வரி: “நீங்கள் சொன்னால் நாளைக்கே கடிதத்தைக் கொடுத்துவிடுவேன்.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒரு விஷயம் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தியது. இவ்வளவு நீளமான கடிதத்தில் தோழியின் மரணத்துக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரே ஒரு வரி. அடுத்த வரியிலேயே தத்துவம் தொடங்கிவிடுகிறது. அவர் எப்படிப்பட்டவர், கடைசியாக எப்போது பேசினீர்கள், செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள், அழுதீர்களா, ஒன்றுமே இல்லை. அதனால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் போவதற்கு முன்னால் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இருத்தலியல் சிந்தனையை உளசிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1980-ல் வெளியான நூலில், மனித மனம் தப்பிக்க முடியாமல் மோதுகிற நான்கு விஷயங்களை அவர் சொல்கிறார்: மரணம், சுதந்திரம், தனிமை, பொருளின்மை. நீங்கள் மோதியது முதலாவதில். உங்கள் வயதுக்காரி, உங்களோடு வளர்ந்தவள், ஒரு நாள் இல்லாமல் போய்விட்டாள். அடுத்தது நானாகவும் இருக்கலாம் என்பது முதன்முறையாக உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் அங்கே நிற்கவில்லை. உடனே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறது: எதைத் தேர்ந்தெடுத்தேன், எதைத் தேர்ந்தெடுக்கவில்லை, எதை விட வேண்டும் என்று.

ஏன் அப்படி என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மரணத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையை விட முடியும், வீட்டைவிட்டுப் போக முடியும். தாங்க முடியாத ஒன்றை, செய்து முடிக்கக்கூடிய இன்னொன்றாக மனம் மாற்றிக்கொள்கிறது. அப்படி மாற்றிக்கொண்டதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. ஆனால் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்த மறுநாள் இரவும் மூன்று மணிக்கு விழிப்பு வரும். தோழி அப்போதும் இருக்க மாட்டார். வேலையும் அருகில் ஆளும் இல்லாத ஓர் அறையில் அதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் பெரிய முடிவுகளைத் தள்ளிப் போடச் சொல்வது இதனால்தான்.

ஏழு மாதம் துக்கத்துக்கு நீண்ட காலமில்லை. கணவரையோ பெற்றோரையோ இழந்தவருக்கு ஊர் கூடி ஆறுதல் சொல்லும். தோழியை இழந்தவரிடம் ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அவரைத் தெரிந்த ஒருவரோடு, அவருடைய குடும்பத்தினராக இருந்தால் இன்னும் நல்லது, அவரைப் பற்றிப் பேசுங்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதிய அளவு நீளம் இருக்கட்டும்.

பதற்றம் எதற்குச் சாட்சி?

பயத்துக்கு ஒரு பொருள் இருக்கும், பதற்றத்துக்கு இருக்காது என்ற வேறுபாட்டை நீங்கள் அனுபவத்திலேயே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்கெகார்ட் 1844-ல் இதைத்தான் எழுதினார். ஆழமான பள்ளத்தின் விளிம்பில் நிற்பவருக்குத் தலைசுற்றுகிறது. பள்ளம் மட்டும் காரணமில்லை, கீழே பார்க்கிற கண்ணும் காரணம். பதற்றம் என்பது சுதந்திரத்தின் தலைசுற்றல் என்றார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1927-ல் இதை மேலும் கொண்டுபோனார். பதற்றம் வரும்போது, வழக்கமாக நம்மைத் தாங்கிப் பிடிக்கிற உலகம், ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்கிற அந்தச் சாய்மானம், அர்த்தமிழந்து விலகி நிற்கிறது. நாம் தனியாக நிற்கிறோம். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

ஆனால் இவர்கள் இருவரும் சொல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். பதற்றம் வந்தால் நீ வாழ்கிற வாழ்க்கை தவறு என்று பொருள், இதை விட்டு வேறெங்கோ போ என்று அது சொல்கிறது என்கிறீர்கள். பதற்றம் அப்படித் திசை காட்டுவதில்லை. இங்கே தேர்வு செய்ய வேண்டியவள் நீ, உனக்குப் பதிலாக இன்னொருவர் செய்ய முடியாது என்பதை மட்டும் அது தெரியப்படுத்துகிறது. இருக்கவும் தேர்ந்தெடுக்கலாம், போகவும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் தலைசுற்றும். தனக்குப் பிடித்த வேலையில், விரும்பித் திருமணம் செய்தவரோடு இருப்பவர்களும் இதே பதற்றத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

ஹைடெக்கர் இன்னொன்றும் சொல்கிறார். அவரைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். அசலான வாழ்க்கை என்பது அன்றாடத்துக்கு மேலே எங்கோ மிதக்கும் தனி உலகமில்லை; இதே அன்றாடத்தை வேறு விதமாகப் பற்றிக்கொள்வதுதான் அது. இதைச் சொன்னவர் 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருங்கள். தீர்மானமாக ஒன்றைச் செய்துவிட்டோம் என்ற உணர்வு, செய்தது சரி என்பதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

மாத்திரை

இதில் தயக்கமே இல்லாமல் சொல்கிறேன். சிகிச்சை எடுத்துக்கொள்வது உண்மையிலிருந்து ஓடுவதில்லை.

இருத்தலியலை அக்கறையோடு உள்வாங்கிய ரோலோ மே என்ற உளவியலாளர், காசநோயோடு சானடோரியத்தில் இருந்த காலத்தில் கீர்க்கெகார்டைப் படித்தவர். 1950-ல் பதற்றத்தைப் பற்றி எழுதியபோது இயல்பான பதற்றத்தையும் நோயாகிவிட்ட பதற்றத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது, அதை உண்டாக்கிய அச்சுறுத்தலின் அளவுக்கு இருக்கும், அதை எதிர்கொண்டு வாழ முடியும். இரண்டாவது அளவு மீறிப் போய் வாழ்க்கையைச் சுருக்கிவிடும். ஒரே ஆளிடம் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன என்று சந்தேகிக்கிறேன். மரணத்தைப் பற்றிய கேள்வியை மாத்திரை தீர்க்காது, தீர்க்கவும் வேண்டாம். மாதக்கணக்கில் தூங்காத மூளையால் அந்தக் கேள்வியை யோசிக்கவே முடியாது என்பதுதான் பிரச்சினை. மூன்று மணிக்கு நீங்கள் செய்வது சிந்தனை என்று நினைக்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள்: அதே நான்கைந்து வாக்கியங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றனவா, நேற்று இரவை விட ஓர் அடியாவது நகர்ந்திருக்கிறீர்களா? நகரவில்லை என்றால் அது சிந்தனை இல்லை, ஒரே எண்ணத்தில் உழல்வதுதான்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். படபடப்பும் தூக்கமின்மையும் தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வரும், ரத்தசோகையிலும் படபடப்பு வரும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளின் ஹார்மோன் மாற்றத்தில் வரும். காபி அதிகமானாலும் வரும். மற்றவர்களுடைய தைராய்டு பரிசோதனையான டி.எஸ்.எச். முடிவைத் தினமும் பார்ப்பவர் நீங்கள். உங்களுடையதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள்.

எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. பதற்றத்துக்கு வழக்கமாகத் தருகிற, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மருந்தாக இருந்தால், அதன் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் சில நாட்களில் குமட்டல், பரபரப்பு கூடுவதும் உண்டு. பத்து நாளில் அதைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. குளோனசெபம், அல்பிரசோலம் போன்ற வகையாக இருந்தால் கதை வேறு. அவை உடனே அமைதி தரும், ஆனால் பழகிவிடும். வாரக்கணக்கில் எடுத்தபின் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்பு வரைக்கும் போகலாம். எதுவானாலும் தொடங்குவதையும் நிறுத்துவதையும் மருத்துவரிடம் சொல்லிச் செய்யுங்கள். மாத்திரை வேண்டாம் என்றால் அதையும் அவரிடம் நேராகச் சொல்லலாம். சிந்தனை, நடத்தை சார்ந்த உளசிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கிறவர்களும் நிறையப் பேர். உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. மறைத்து நிறுத்துவது அந்தத் தேர்வில் சேராது.

கடிதத்தின் நடுவில், “இல்லாமல் போனால்கூட ஒன்றும் குறைந்துவிடாது என்று சில இரவுகளில் தோன்றுகிறது” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் தத்துவமாகப் படிக்கவில்லை. இன்றைக்கே கணவரிடம் அந்த வரியைச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்த எண்ணம் ‘எப்படி’, ‘எப்போது’ என்று உருவெடுத்தால் தனியாக இருக்காதீர்கள். அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனி அறை இப்போது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு வரியே போதும்.

அந்தப் பணியாளர் நீங்கள்தானா?

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் காபிக் கடைப் பணியாளரைப் பற்றிப் படித்து “இது நான்தான்” என்று அழுததாகச் சொல்கிறீர்கள். 1943-ல் வந்த நூலில் வருகிறவர் அவர். நடையில் கொஞ்சம் கூடுதல் வேகம், குனிவதில் கொஞ்சம் கூடுதல் ஆர்வம், தட்டை ஏந்துவதில் கொஞ்சம் கூடுதல் லாவகம்; பணியாளராக இருப்பதாக விளையாடுகிறார். பணிவாகப் பேசுவதும் கொடுத்த வேலையைச் செய்வதும் போலித்தனம் என்பதற்கு நீங்கள் இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டீர்கள். சார்த்தர் அதைச் சொல்லவில்லை. ஒரு மேசை மேசையாக இருப்பது போல நான் முழுக்க முழுக்கப் பணியாளன், இதைத் தவிர வேறாக இருக்க எனக்கு வழியே இல்லை என்று நினைத்துக்கொள்வதைத்தான் அவர் சுயஏமாற்று என்றார். வேடத்தில் ஏமாற்று இல்லை. ‘எனக்கு வேறு வழியில்லை’ என்பதில் இருக்கிறது.

அந்த அத்தியாயத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உங்களுக்கு அவைதான் அதிகம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுயஏமாற்றுக்கு இரண்டு வாசல். ‘நான் வெறும் இதுதான்’ என்று சொல்லி சுதந்திரத்தை மறுப்பது ஒன்று. ‘இது எதுவுமே நான் இல்லை’ என்று சொல்லி நடந்தவற்றை மறுப்பது இன்னொன்று. முதலாவதிலிருந்து தப்புவதாக நினைத்து இரண்டாவதற்குள் போய்விட்டீர்கள். 20 வயதில் அப்பா சொன்னார், படித்தீர்கள், சரி. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு நாளும் எழுந்து போனது யார்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒருமுறை ஒரு நோயாளியின் முடிவு சந்தேகமாக இருந்ததால், யாரும் கேட்காமலே, பணி நேரம் முடிந்த பிறகும் நின்று மறுபடி சோதித்தீர்கள். முதலில் வந்த முடிவு தவறு. அந்த நோயாளிக்குத் தேவையில்லாத சிகிச்சை போகாமல் நின்றது. “அன்று மட்டும் நடிக்கவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பெண்ணை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அப்பா சொல்லியா அன்று நின்றாள்?

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவது. சார்த்தருக்கு ‘நேர்மையாக ஒப்புக்கொள்’ என்று வற்புறுத்துகிறவரிடம் பெரிய நம்பிக்கை கிடையாது. ‘நான் இப்படிப்பட்டவள், இதுதான் என் நிஜம்’ என்று அறிவிக்கும்போதே நம்மை மாறாத ஒரு பொருளாக ஆக்கிவிடுகிறோம். அதுவும் சுயஏமாற்றுதான் என்கிறார். தாயிடம், பேசுவது கடமையாக மட்டும் இருக்கிறது என்றீர்களே, அது அன்றைய உங்கள் நிலை. உறவு முழுவதற்குமான உண்மை என்று அதை எப்படி முடிவு செய்தீர்கள்? தூங்காத, துக்கத்தில் இருக்கிற, எதையுமே உணர முடியாத ஒருவருக்கு எல்லோரோடும் பேசுவது கடமையாகத்தான் இருக்கும். உள்ளே மரத்துப்போயிருப்பதை, அன்பே இல்லை என்று படித்துவிட்டீர்கள்.

உள்ளே எங்கோ ‘உண்மையான நான்’ ஒருத்தி முழுதாக உட்கார்ந்திருக்கிறாள், மேலே மூடியிருப்பதையெல்லாம் உரித்துப் போட்டால் அவள் வெளியே வருவாள் என்பது உங்கள் கடிதம் முழுவதற்கும் அடியில் ஓடுகிற எண்ணம். இந்தச் சிந்தனையாளர்கள், சார்த்தர் குறிப்பாக, மறுத்தது அதைத்தான். அப்படி முன்கூட்டியே இருக்கிற ஒருத்தி இல்லை. செய்வதன் வழியாகத்தான் ஆகிறோம். உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது புண் மட்டும்தான்.

கணவர் கேட்ட கேள்வி

நீங்கள் அதைக் குடும்பத்தின் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது நல்ல தத்துவக் கேள்வியாகப் படுகிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் த பொவார் 1947-ல் வெளியிட்ட அறவியல் நூலில் இதற்கு நெருக்கமான இடத்தில்தான் நிற்கிறார். என் சுதந்திரத்தை மட்டும் விரும்பிவிட்டு மற்றவர்களுடையதை விட்டுவிட முடியாது, மற்றவர்களும் சுதந்திரமாக இருக்கிற உலகில்தான் என் சுதந்திரத்துக்கே பொருள் வரும் என்பது அவர் வாதம். உங்கள் கணவருக்கு இந்தத் திருமணம் நடிப்பாக இருந்ததில்லை என்றால், அவருடைய இத்தனை ஆண்டு வாழ்க்கையையும் நடிப்பென்று தீர்ப்பு எழுத உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் பங்கைப் பற்றிப் பேசலாம். “நான் முழுமையாக இல்லாத நேரங்கள் நிறைய இருந்தன” என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான், கேட்பவருக்குப் பதில் சொல்ல இடம் வைக்கிற உண்மை.

வேலை, வீடு

இரண்டையும் விட்டுப் போக உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பதற்றத்தின் சிபாரிசும் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் அடியோ, அவமதிப்போ, கட்டுப்பாடோ எங்கும் தெரியவில்லை. அப்படி எதையாவது எழுதாமல் விட்டிருந்தால் மறுபடி எழுதுங்கள், என் பதில் முற்றிலும் மாறிவிடும். இல்லையென்றால், இப்போது வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கீர்க்கெகார்ட் நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டதைப் படித்ததும் துணிச்சல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1841-ல் முறித்தார், உண்மை. 1855-ல் இறக்கும்வரை நாட்குறிப்புகளில் அந்தப் பெண் ரெகினாவிடமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். தன் உடைமைகளையும் அவருக்கே எழுதி வைத்தார். 1843-ல் கீர்க்கெகார்ட் வெளியிட்ட முதல் பெரிய நூலில் வருகிற நீதிபதிப் பாத்திரம் ஒருவர், ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் உறவாகத் திருமணத்தை வைத்துப் பக்கம் பக்கமாக அதற்காக வாதாடுகிறார். கீர்க்கெகார்டின் வாழ்க்கையிலிருந்து ‘முறித்துக்கொள்’ என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் தூக்கமும் சிகிச்சையும் சரியாக நடக்கட்டும். வேலையில் நீண்ட விடுப்போ நேரக் குறைப்போ கிடைக்குமா என்று கேளுங்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது கடினம், விடுப்பு முடிந்தால் திரும்பி வரலாம். சிறு வயதில் வரலாறு படிக்க ஆசைப்பட்டதாகச் சொன்னீர்கள். அதற்கு வீட்டைவிட்டுப் போகத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மாலை உங்களுடையது என்று வீட்டில் சொல்லிவிட்டு இந்த மாதமே தொடங்கலாம். கணவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பாருங்கள். நடுஇரவில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். விழிப்பு வந்தால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்த பிறகு படுக்கைக்குப் போங்கள். மனதில் ஓடுவதை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டுப் பகலில் படித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, தெளிந்த மனதோடு, போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போகலாம். அப்போது ‘பதற்றம் போகச் சொன்னது’ என்றோ ‘தத்துவம் சொன்னது’ என்றோ சொல்ல மாட்டீர்கள். நான் போகிறேன் என்று சொல்வீர்கள். அதன் விளைவுகளையும் உங்களுடையவையாக ஏற்பீர்கள். இருப்பது என்று முடிவெடுத்தாலும் அப்படியே.

“நீங்கள் சொன்னால் நாளைக்கே” என்ற உங்கள் கடைசி வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில், போர்க்காலத்தில் தன்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிப் பேசினார். அண்ணன் 1940-ல் ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துவிட்டான். தாய்க்கு இவன் ஒருவன்தான் ஆறுதல். இங்கிலாந்துக்குப் போய், பிரான்சை மீட்கப் போராடிய விடுதலைப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு என்றார் சார்த்தர். யாரிடம் ஆலோசனை கேட்பது என்று தீர்மானிக்கும்போதே எந்த மாதிரியான பதில் வேண்டும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறோம் என்றும் அந்த உரையில் சொல்கிறார். அப்பா சொல்லிப் படித்தது நடிப்பு என்கிற நீங்கள், நான் சொல்லி ராஜினாமா செய்வதை எப்படி உங்களுடையது என்பீர்கள்? சிகிச்சை விஷயத்தில் நான் உறுதியாகச் சொன்னேன், ஏனென்றால் அது என் தொழில் அறிவு. வாழ்க்கையை எப்படி வாழ்வது என்பதில் உங்களோடு சேர்ந்து யோசிக்க மட்டுமே என்னால் முடியும்.

அந்த உரையில் உணர்வுகளைப் பற்றி இன்னொரு வாதமும் வருகிறது. தாய்மீது எனக்கு இருக்கிற அன்பு அவளோடு இருந்துவிடும் அளவுக்குப் பெரியதா என்பது, இருந்து பார்த்த பிறகுதான் தெரியும்; உணர்வை முதலில் அளந்துவிட்டு அதன்படி நடப்பது என்பது முடியாத காரியம். மகன் விஷயத்தில் நீங்கள் தேடுவதும் அப்படி ஓர் அளவைத்தான். கருவுற்ற நாளில் உங்களுக்கு ஆசை இருந்ததா என்பதை இன்று திரும்பிப் போய் அளக்க முடியாது. 17 ஆண்டுகள் அவனுக்காகச் செய்தவை இருக்கின்றன.

மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று மாதம் கேட்டேன். மகனிடம் பேசுவதற்கு மட்டும் இந்த வாரத்தைத் தாண்டாதீர்கள். அம்மா சொன்னது உறக்கமில்லாத ஓர் இரவின் எண்ணம் என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியாது. தான் பிறந்திருக்கவே வேண்டாமோ என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கும். தத்துவ விளக்கம் வேண்டாம், நீளமான மன்னிப்பும் வேண்டாம். தோழி இறந்ததிலிருந்து எனக்கு உடம்பும் மனசும் சரியில்லை, மருத்துவரிடம் போகிறேன், அன்று உன்னிடம் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது, உன்னை வளர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லுங்கள். அவன் கோபப்பட்டால் படட்டும், குறுக்கே பேசி உங்கள் பக்கத்தை விளக்காதீர்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனால் பின்னால் போய் வற்புறுத்தாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி ஒருமுறை பேசுங்கள். அவன் படிப்பிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரிந்தால், அவனுக்கும் ஓர் ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பேச்சை அவன் அப்பா தொடங்கினாலும் பரவாயில்லை.